சூரியப் புயல் அடித்தபோது மூடியிருந்த 2 கண்கள்! ஆதித்யா விண்கலத்துக்கு ‘சின்னக் கூட்டம்’ ஏன் முக்கியம்?

குற்றாலம்:

ஐந்தருவியில் ஆனந்தமாகக் குளித்துக் கொண்டிருக்கும்போது போலீஸ்காரர் விசில் ஊதினால், எல்லோரும் வெளியே வந்துதான் ஆக வேண்டும். "இப்பதான் சார் வந்தோம், தண்ணி கொஞ்சமாத்தானே விழுது" என்று கெஞ்சினாலும் நடக்காது. கீழே சாரல் மட்டும் இருக்கும். மேலே மலையில் கொட்டித் தீர்த்திருக்கும். அந்தத் தண்ணீர் எந்த நிமிடம் வந்து சேரும் என்பது குளிப்பவருக்குத் தெரியாது.

2024-ம் ஆண்டு மே 17-ந்தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால், கீழே இருப்பவர் தப்பிக்கலாம். விஷயம் அவ்வளவுதான்.

அதே மே மாதத்தில், அந்த வெள்ளத்துக்கு ஒரு வாரம் முன்னால், வானத்திலும் ஒரு வெள்ளம் வந்தது. அது சூரியனில் இருந்து வந்தது. அதைப் பார்த்துச் சொல்ல இந்தியா ஒரு ஆளை ஏற்கனவே மேலே நிறுத்தி வைத்திருந்தது. அந்த ஆள்தான் ஆதித்யா எல்-1 விண்கலம்.

ஆனால் புயல் உச்சத்தில் இருந்தபோது ஆதித்யாவின் 2 முக்கியமான கண்கள் மூடியிருந்தன. யாரும் தூங்கிவிடவில்லை. பழுதும் இல்லை. முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்பு வேலை நடந்து கொண்டிருந்தது. இந்தத் திட்டமிடும் வேலை எப்படி நடக்கிறது, அதற்கு விஞ்ஞானிகள் ஏன் அடிக்கடி ஒன்றாக உட்கார வேண்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

செங்கோட்டைக்காரர் அனுப்பிய விண்கலம்

ஆதித்யா எல்-1 நமக்கு அந்நியம் இல்லை. அதன் திட்ட இயக்குனராக இருந்து விண்ணுக்கு அனுப்பி வைத்த நிகர் ஷாஜி, ஐந்தருவிக்குப் பக்கத்து ஊரான செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். செங்கோட்டை எஸ்.ஆர்.எம். பெண்கள் பள்ளியில் படித்தவர். நெல்லை அரசு என்ஜினீயரிங் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1987-ல் இஸ்ரோவில் வேலைக்குச் சேர்ந்தார். 2023 அக்டோபரில் தமிழக அரசு, இஸ்ரோவில் சாதித்த 9 தமிழக விஞ்ஞானிகளைப் பாராட்டி தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்த 9 பேரில் இவரும் ஒருவர்.

2023 செப்டம்பர் 2-ந்தேதி காலை 11.50 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. சி-57 ராக்கெட்டில் ஆதித்யா கிளம்பியது. எடை சுமார் 1,480 கிலோ. நாலு மாதம் பயணம் செய்து 2024 ஜனவரி 6-ந்தேதி தன் இடத்தைப் போய்ச் சேர்ந்தது.

அந்த இடம் பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நிலாவைப் போல ஏறக்குறைய 4 மடங்கு தூரம். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், மொத்தத் தூரத்தில் இது நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் இந்த இடத்தில் ஒரு விசேஷம். சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் இங்கே ஒரு கணக்குக்கு வந்து நிற்கின்றன. அதனால் இங்கே நிற்கும் விண்கலம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவிலேயே இருந்து கொண்டு, பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றி வரும். இரவு கிடையாது, மேகம் கிடையாது, கிரகணமும் கிடையாது. 24 மணி நேரமும் சூரியன் கண்முன்னால். இந்த இடத்துக்குத்தான் எல்-1 என்று பெயர்.

புயல் வந்தால் நமக்கு என்ன?

சூரியனில் வெடிப்பு நடக்கும்போது சில நேரம் 100 கோடி டன் அளவுக்கு மின்னேற்றம் கொண்ட வாயு வெளியே தூக்கி வீசப்படும். அது பூமிப் பக்கம் வந்தால், நம் காந்த மண்டலத்தை ஆட்டி வைத்துவிடும்.

1989 மார்ச் 13-ந்தேதி கனடாவில் கியூபெக் மாகாணம் முழுக்க கரண்ட் போனது. சுமார் 9 மணி நேரம், 60 லட்சம் பேர் இருட்டில். காரணம் சூரியப் புயல். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஒரே நேரத்தில் அனுப்பிய 49 செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இதே காரணத்தால் கீழே விழுந்து எரிந்து போயின.

இன்று செல்போனில் பார்க்கும் வழிகாட்டி வரைபடம், டி.வி., வானிலை அறிவிப்பு, கடலுக்குப் போகும் மீனவருக்கு வரும் எச்சரிக்கை எல்லாவற்றிலும் செயற்கைக்கோளின் பங்கு இருக்கிறது. புயல் வருவது முன்னாலேயே தெரிந்தால், செயற்கைக்கோளின் நுட்பமான பாகங்களைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கலாம். மின்சாரக் கட்டமைப்பில் பளுவைக் குறைக்கலாம்.

சூரியக் காற்று சாதாரணமாக நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த வேகத்தில் வந்தால் எல்-1-ஐத் தாண்டிய பிறகு பூமிக்கு வர சுமார் ஒரு மணி நேரம். பெரிய புயல் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 25 நிமிடம்தான். விசில் ஊத அவ்வளவுதான் அவகாசம். சூரியனில் புயல் கிளம்பும்போதே பார்த்துவிட்டால் ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். அதனால்தான் கண் திறந்திருக்க வேண்டும் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

ஒரே வீடு, 7 குடித்தனம்

ஆதித்யாவில் மொத்தம் 7 கருவிகள். 4 கருவிகள் சூரியனை நேராகப் பார்க்கும். 3 கருவிகள் விண்கலத்தை வந்து தொடும் துகள்களையும் காந்தப் புலத்தையும் அளக்கும்.

இந்த 7 கருவிகளும் ஒரே இடத்தில் செய்தவை இல்லை. சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் பார்க்கும் ‘வெல்க்’ என்ற பெரிய கருவி பெங்களூரு இந்திய வான் இயற்பியல் மையம் செய்தது. அதன் எடை மட்டும் 190 கிலோ. புற ஊதா ஒளியில் படம் எடுக்கும் ‘சூட்’ டெலஸ்கோப் புனேயில் உள்ள அயூக்கா மையத்தின் வேலை. எக்ஸ்ரே கதிர்களைப் பார்க்கும் ‘சோலெக்ஸ்’, ‘ஹீலியோஸ்’ இரண்டும் பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவானவை. துகள்களை அளக்கும் ‘ஆஸ்பெக்ஸ்’ ஆமதாபாத்தில் இருந்து வந்தது. ‘பாபா’ திருவனந்தபுரத்தில் இருந்து வந்தது. காந்தமானி பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் இன்னொரு கூடத்தில் செய்தது.

ஒரே காம்பவுண்டில் 7 குடித்தனம் இருந்து, மோட்டார் ஒன்றுதான் என்றால் என்ன நடக்கும்? யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். இங்கேயும் அதே கதைதான்.

எல்லாக் கருவிகளும் ஒரே விண்கலத்தில் பொருத்தப்பட்டவை. ஒரு கருவியைச் சோதிக்க விண்கலத்தைக் கொஞ்சம் திருப்பினால், மற்றக் கருவிகளின் பார்வையும் சேர்ந்தே திரும்பும். ஒரு கருவி நிமிடத்துக்கு நிமிடம் படம் எடுத்தால், பூமிக்கு அனுப்ப வேண்டிய தகவல் மலை போலக் குவியும். வெல்க் கருவி மட்டும் நாளொன்றுக்கு 1,440 படம் எடுக்கும் என்று அனுப்பும் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். சூட் கருவியில் 11 வடிகட்டிகள் இருக்கின்றன. முழுச் சூரியனையும் எடுக்கலாம், அல்லது ஒரு புள்ளியை மட்டும் வேகமாக எடுக்கலாம். இன்றைக்கு எது? அதை யாராவது முடிவு செய்ய வேண்டும்.

இது தவிர, விண்கலம் தன் பாதையில் இருந்து விலகாமல் இருக்க அவ்வப்போது சின்ன எஞ்சினை இயக்க வேண்டும். எல்-1-ஐச் சுற்றி ஒரு சுற்று வர ஆதித்யாவுக்கு சுமார் 178 நாள். முதல் சுற்றின்போது 2024 பிப்ரவரி 22, ஜூன் 7 ஆகிய நாட்களில் இப்படிப் பாதையைச் சரி செய்தார்கள். ஜூலை 2-ந்தேதி இன்னொரு தடவை சரி செய்து இரண்டாவது சுற்றுக்கு அனுப்பினார்கள். எஞ்சின் ஓடும் நேரத்தில் நுணுக்கமான படம் எடுப்பது கஷ்டம். ஆகவே அந்தத் தேதிகளும் எல்லோருக்கும் முன்னாடியே தெரிய வேண்டும்.

2024 மே மாதம் நடந்தது என்ன?

2024 மே 8-ந்தேதியில் இருந்தே சூரியனில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் அடுத்தடுத்து வெடித்தது. மே 10, 11 தேதிகளில் அந்தப் புயல் பூமியைத் தாக்கியது. 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய புயல் அது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் வானம் சிவப்பாக ஒளிர்ந்தது. துருவப் பகுதியில் மட்டும் தெரியும் ஒளி இந்தியாவில் தெரிந்தது.

அந்த 2 நாட்களிலும் ஆதித்யாவின் வெல்க், சூட் இரண்டு கருவிகளும் பராமரிப்பில் இருந்தன. இதை இஸ்ரோவே வெளிப்படையாகச் சொன்னது. கண்ணாடியிலும் உணரியிலும் படிந்திருக்கும் ஈரம், கசடு போக அவற்றைச் சூடாக்குவது ஒரு வேலை. காட்டும் அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொரு வேலை. வேலை முடிந்து மே 14-ந்தேதி கருவிகளின் கதவு திறந்தது.

நல்லவேளையாக அன்றும் சூரியன் ஓயவில்லை. மே 14-ல் அதைவிடப் பெரிய வெடிப்பு ஒன்று நடந்தது. ஆனால் அது பூமியை நேராகப் பார்க்காமல் ஓரத்தில் நடந்தது. வெல்க் கருவி அன்று வேலை பார்த்தது. மே 17-ல் சூட் எடுத்த படங்களை இஸ்ரோ வெளியிட்டது.

அதே சமயம், புயல் தாக்கிய அந்த 2 நாளிலும் ஆதித்யா சும்மா இருக்கவில்லை. ஆஸ்பெக்ஸ் கருவி வேகமான துகள்களைப் பதிவு செய்தது. காந்தமானி காந்தப் புலம் ஆடியதைப் பதிவு செய்தது. எக்ஸ்ரே கருவிகள் வெடிப்புகளை எண்ணின. நிலாவைச் சுற்றும் சந்திரயான்-2 விண்கலமும் தன் பங்குக்குப் பதிவு செய்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சூரியன் வெடிக்கப் போகும் தேதி யாருக்கும் தெரியாது. பராமரிப்பு செய்யாவிட்டால் கருவியே வீணாகும். பஸ் டிப்போவில் சர்வீசுக்கு விடாமல் பஸ்சை ஓட்டிக் கொண்டே இருக்க முடியுமா? ஆனால் எந்த பஸ்சை எந்த வாரம் நிறுத்துவது, திருவிழா நேரத்தில் எத்தனை பஸ் ரோட்டில் இருக்க வேண்டும் என்று மேனேஜர் கணக்குப் போடுவார் இல்லையா? அந்தக் கணக்குப் போடும் இடம்தான் விஞ்ஞானிகளின் சின்னக் கூட்டம்.

கூட்டத்துக்கு யார் யார்?

பெரிய மாநாடு என்றால் நூற்றுக்கணக்கில் வருவார்கள். மேடை, மாலை, பேச்சு எல்லாம் இருக்கும். அங்கே முடிவு எடுக்க முடியாது. முடிவு எடுக்க வேண்டும் என்றால் இருபது முப்பது பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும்.

முதலில், ஒவ்வொரு கருவிக்கும் பொறுப்பான ஒருவர் கட்டாயம் வர வேண்டும். ஒருவர் வராவிட்டால், அவரது கருவிக்குப் பேச ஆள் இல்லை.

இரண்டாவது, விண்கலத்துக்குக் கட்டளை அனுப்பும் பெங்களூரு இஸ்ட்ராக் மையத்தின் ஆள். விஞ்ஞானி ஆசைப்படுவது எல்லாம் நடக்காது. "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் முடியும்" என்று சொல்ல இவர் வேண்டும்.

மூன்றாவது, பெங்களூரு அருகே பயலாலுவில் உள்ள தகவல் மையத்தின் ஆள். அங்கே உள்ள 32 மீட்டர், 18 மீட்டர் ஆன்டெனாக்கள்தான் தூரத்து விண்கலங்களின் சிக்னலைப் பிடிப்பவை. மற்ற விண்கலங்களுக்கும் அதே ஆன்டெனா வேண்டும்.

நாலாவது, தரையில் இருந்து சூரியனைப் பார்ப்பவர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வுக் கூடம் 1899-ல் தொடங்கியது. அங்கே நூறு வருஷத்துக்கும் மேலான சூரியப் படங்கள் இருக்கின்றன. 1909-ல் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். மேலே ஆதித்யா பார்க்கும் அதே இடத்தைக் கீழே கொடைக்கானலும் பார்த்தால், இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் கொடைக்கானலில் மேகம் வந்தால் ஆட்டம் குளோஸ். அதனால் மழைக் காலத்தைப் பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும்.

என்ன பேசுவார்கள்?

முதல் நாள் காலையில் கருவிகளின் உடல்நிலை. எது நல்லா இருக்கு, எது தகராறு பண்ணுது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே மூடி மறைத்தால் பின்னால் எல்லோர் ஆராய்ச்சியும் கெடும்.

அடுத்து வரும் மாதங்களின் காலண்டர். பாதையைச் சரி செய்யும் நாள், பராமரிப்பு நாள், மற்ற நாட்டு விண்கலங்கள் சூரியனுக்குக் கிட்டே போகும் நாள், முழு சூரிய கிரகண நாள் எல்லாம் ஒரே தாளில் வரும். 2024 டிசம்பர் 24-ந்தேதி அமெரிக்காவின் பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் போனது. அதே டிசம்பர் 5-ந்தேதி நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஐரோப்பாவின் புரோபா-3 என்ற இரட்டைச் செயற்கைக்கோளை அனுப்பியது. ஒன்று சூரியனை மறைக்க, மற்றொன்று ஒளிவட்டத்தைப் படம் எடுக்கும் ஏற்பாடு அது. இப்படிப்பட்ட நாட்களில் ஆதித்யாவும் ஒரே இடத்தைப் பார்த்தால் பலன் பல மடங்கு.

கிரகணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2024 ஏப்ரல் 8-ந்தேதி அமெரிக்காவில் முழு கிரகணம். ஆதித்யாவுக்கு அது தெரியவே இல்லை. நிலா அதன் முதுகுப் பக்கம் இருந்தது. ஆனால் வெல்க் கருவி சூரியத் தட்டின் வெளிச்சத்தைத் தானே ஒதுக்கிவிட்டு ஒளிவட்டத்தைப் பார்ப்பதால், அதற்கு தினமும் கிரகணம்தான்.

கடைசியாக, முக்கியமான கேள்வி: திடீர் என்று பெரிய வெடிப்பு வந்தால் என்ன செய்வது? போட்ட அட்டவணையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? பராமரிப்பில் இருக்கும் கருவியைப் பாதியில் திறக்கலாமா? இரண்டு கண்களையும் ஒரே வாரத்தில் மூடலாமா, மாற்றி மாற்றி மூடலாமா? இதை வெடிப்பு வந்த பிறகு பேச நேரம் கிடையாது. கூட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

கூட்டம் முடியும்போது "யார், என்ன வேலை, எந்தத் தேதிக்குள்" என்று ஒரு பட்டியல் வர வேண்டும். அது வராவிட்டால் டீயும் வடையும் சாப்பிட்டதுதான் மிச்சம்.

வெளிநாட்டுப் பாடம்

எல்-1-ல் ஆதித்யாவுக்கு முன்னாலேயே குடியிருப்பது சோஹோ. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1995 டிசம்பரில் அனுப்பியது. அதன் விஞ்ஞானிகள் 3 மாதத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று, தினமும் ஒன்று என்று படிப்படியாகக் கூட்டம் வைத்தார்கள். பெரிய கூட்டத்தில் திசை முடிவாகும், சின்னக் கூட்டத்தில் அன்றைய வேலை முடிவாகும்.

அப்படி இருந்தும் 1998 ஜூனில் சோஹோவுடன் தொடர்பு அறுந்து போனது. விசாரணையில் விண்கலத்தில் கோளாறு இல்லை, கீழே இருந்து அனுப்பிய கட்டளைகளிலும் அவசர அவசரமாக வேலை செய்ததிலும்தான் தவறு என்று தெரிந்தது. பல வாரம் போராடி, செப்டம்பரில்தான் மீட்டார்கள். மேலே இருக்கும் இயந்திரம் எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும், கீழே திட்டம் சரியில்லை என்றால் அவ்வளவுதான் என்பதற்கு இது சாட்சி.

குற்றாலத்தில் நடத்தினால்?

இப்படி ஒரு கூட்டத்தைக் குற்றாலத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பேச்சுக்குப் பார்ப்போம். சென்னையில் இருந்து வருபவருக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசியிலேயே இறக்கிவிடும். விமானத்தில் வந்தால் தூத்துக்குடி, மதுரை அல்லது திருவனந்தபுரத்தில் இறங்கி ரோட்டில் வர வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் நேரத்தில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு, வாடகையும் எகிறும். மழைக்கு கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். வர முடியாதவர்கள் வீடியோவில் சேர நல்ல நெட் வேண்டும். சீசன் முடிந்த மாதமாகப் பார்த்து, நாள் முழுக்கப் பேச்சை வைத்து, சாயங்காலம் ஐந்தருவிக்கு அழைத்துப் போனால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

இதெல்லாம் கல்யாண வீட்டு ஏற்பாடு மாதிரிதான். தேதி, ஆள், சாப்பாடு, தங்குமிடம் நான்கும் முதலிலேயே முடிவாக வேண்டும். பேச வேண்டிய விஷயம் அதற்கும் முன்னால் எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

பலன் என்ன?

திட்டமிட்டுப் பார்த்ததால் கிடைத்தவையும் உண்டு. 2024 பிப்ரவரி 22-ந்தேதி நடந்த மிகப் பெரிய வெடிப்பு ஒன்றை சூட் கருவி கீழ் அடுக்கில் இருந்தே பிடித்தது. 2024 ஜூலை 16-ந்தேதி சூரியனில் இருந்து வாயு கிளம்பிய நேரத்தை வெல்க் கருவியின் பதிவை வைத்துக் கணக்கிட்டார்கள். மேலே நிற்கும் ஆள் விசில் ஊதக் கற்றுக் கொள்கிறார் என்பதற்கு இது அடையாளம்.

2025 ஜனவரி 6-ந்தேதி, ஆதித்யா போய்ச் சேர்ந்து சரியாக ஒரு வருஷம் ஆனபோது, இஸ்ரோ அதன் தகவல்களைப் பொதுவில் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களும் அதை எடுத்து ஆராய்ச்சி செய்யலாம். அதற்குப் பயிற்சி கொடுக்க நைனிடாலில் உள்ள ஏரீஸ் ஆய்வு மையத்தில் தனி உதவிப் பிரிவும் இருக்கிறது. செங்கோட்டை, தென்காசி, நெல்லையில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

ஆதித்யாவுக்கு இஸ்ரோ நிர்ணயித்த ஆயுள் 5 வருஷம். சூரியன் 11 வருஷத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்து அடங்கும். இந்த முறை உச்ச காலம் வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பெரிய வெடிப்புகள் உச்சம் முடிந்து இறங்கும் வருஷங்களிலும் வரும். 2003 அக்டோபர் புயல் அப்படி வந்ததுதான்.

ராக்கெட் செலவு போக, இந்த விண்கலத்துக்கு ஒதுக்கிய மக்கள் பணம் சுமார் 378 கோடி ரூபாய். அடுத்த பெரிய புயல் வரும் நாளில் அதன் 7 கருவிகளில் எத்தனை திறந்திருக்கும் என்பது, மாதங்களுக்கு முன்பே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து சிலர் போடும் அட்டவணையில்தான் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.